மூளையின் வெண்பொருளைக் காக்க எதில் காசும் நேரமும் போடலாம்: பிரஷர் மாத்திரையா, நடையா, புதுக்கலையா, சப்ளிமெண்டா?

ஐம்பதைத் தாண்டிய ஒருவர் தலைசுற்றலுக்கோ நாள்பட்ட தலைவலிக்கோ எம்ஆர்ஐ எடுத்தால், ரிப்போர்ட்டின் நடுவில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: வெண்பொருளில் சிறு புள்ளிகள், வயது தொடர்பான மாற்றம், ஃபசேக்கஸ் கிரேடு 1. டாக்டர் "வயசானா வர்றதுதான், பயப்படாதீங்க" என்று அனுப்பிவிடுவார். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பிக்கும். மச்சினர் மீன் எண்ணெய் மாத்திரை என்பார், பக்கத்து வீட்டுக்காரர் தினமும் நடங்கள் என்பார், மகள் போனில் மூளைப் பயிற்சி ஆப் ஏற்றித் தருவாள், இன்னொருவர் அடுத்த வருடமும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள் என்பார். கையில் இருப்பதோ ஒரு நாளில் மிஞ்சும் ஒரு மணி நேரமும் மாதம் ஒதுக்க முடிகிற கொஞ்சம் பணமும். அதை எதில் போடுவது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பதுக்கு மேற்பட்டவர் என்றால் ரத்த அழுத்தம் முதலில், உடம்பை அசைப்பது இரண்டாவது, புதிதாக ஒன்றைக் கற்பது மூன்றாவது. சப்ளிமெண்ட் என்றால் பரிசோதித்துக் குறை தெரிந்தால் மட்டும். வருடாவருடம் ஸ்கேன் பெரும்பாலானவர்களுக்குத் தேவையே இல்லை. இருபது வயதுக்குக் கீழே இந்த வரிசை அப்படியே மாறிவிடும். ஏன் என்று புரிய, வெண்பொருளுக்கு வாழ்நாள் முழுக்க என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மூளையில் நரம்பு செல்களின் உடல்கள் நிறைந்த பகுதி சாம்பல் பொருள். அந்த செல்களிலிருந்து கிளம்பி மூளையின் ஒரு மூலையை இன்னொரு மூலையோடு இணைக்கும் நீண்ட இழைகள் ஓடுகிற பகுதி வெண்பொருள். இழைகளைச் சுற்றி மையலின் என்ற கொழுப்பு மிகுந்த உறை இருக்கிறது, வெள்ளை நிறம் அதனால்தான். உறை இல்லாத இழையில் செய்தி நொடிக்கு ஓரிரு மீட்டர் ஊர்ந்து போகும், நல்ல தடித்த உறை இருந்தால் நூறு மீட்டர் வரைகூடப் பாயும்.

பிறக்கும்போது குழந்தையின் மூளையில் இந்த உறை மிகக் குறைவு. எந்தப் பாதைக்கு எப்போது உறை போடுவது என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று லைப்சிக்கில் இருந்த பால் ஃப்ளெக்சிக் நூறு வருடத்துக்கு முன்பே காட்டிவிட்டார். பார்ப்பது, தொடுவது, கை கால் அசைப்பது ஆகியவற்றுக்கான பாதைகள் முதலில், திட்டமிடுவது, பொறுத்திருப்பது போன்றவற்றுக்கான முன்மூளைப் பாதைகள் கடைசியில். 2022இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைச் சேர்த்து வரைந்த வாழ்நாள் வரைபடம் நேச்சர் இதழில் வந்தது. அதன்படி சாம்பல் பொருளின் அளவு ஆறு வயதை ஒட்டி உச்சத்தைத் தொட்டுவிடுகிறது, வெண்பொருளோ 28.7 வயதில்தான் தொடுகிறது. அளவை விட்டுவிட்டு இழைகளின் தரத்தைக் காட்டும் அளவீடுகளைப் பார்த்தால் உச்சம் இன்னும் தள்ளிப் போகும். 5 முதல் 83 வயது வரையான 403 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் ஒவ்வொரு பாதையும் 20க்கும் 42க்கும் இடையே வெவ்வேறு வயதில் உச்சத்துக்கு வந்தது.

அதற்கு அப்புறம் இறக்கம். 2003இல் டென்மார்க்கில் இறந்தவர்களின் மூளைகளை எடுத்து மையலின் உறை போட்ட இழைகளின் மொத்த நீளத்தைக் கணக்கிட்டார்கள். இருபது வயது ஆணுக்கு ஏறக்குறைய 1,76,000 கிலோமீட்டர், பெண்ணுக்கு 1,49,000. எண்பது வயதில் அது 97,200 ஆகவும் 82,000 ஆகவும் குறைந்திருக்கும். பத்து வருடத்துக்குப் பத்து சதவீதம் என்ற கணக்கில் போகிறது. மெல்லிய இழைகள்தான் அதிகம் போகின்றன. இது எல்லோருக்கும் நடப்பது, இதை நிறுத்த இன்றைக்கு யாரிடமும் மருந்து கிடையாது.

ஆனால் ரிப்போர்ட்டில் வரும் அந்தப் புள்ளிகள் வேறு விஷயம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் தப்பான இடத்தில் காசு போகிறது. மூளையின் உள்ளே ஆழத்தில் இருக்கும் வெண்பொருளுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் நீளமானவை, மயிரிழை போல மெல்லியவை, பக்கத்துக் குழாயோடு பெரிதாகத் தொடர்பும் இல்லாதவை. காவிரி ஓடினாலும் தண்ணீர் கடைசியாக எட்டிப் பார்க்கிற கடைமடை வயல் போன்ற இடம் அது. மேலே அழுத்தம் வருடக்கணக்கில் கூடுதலாக இருந்தால் இந்தச் சிறு குழாய்களின் சுவர் தடித்து உள்வழி குறுகிவிடும், முதலில் வாடுவது அந்தக் கடைமடைதான். அங்கே மையலின் சேதமாகி நீர் கோத்துக்கொள்வது எம்ஆர்ஐயில் வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறது. புள்ளி ஒன்றிரண்டாக இருந்தால் ஃபசேக்கஸ் 1, ஒன்றோடொன்று சேர ஆரம்பித்தால் 2, பெரிய திட்டாகப் படர்ந்தால் 3. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 60 முதல் 90 வயது வரையான 1,077 பேரைப் பார்த்தபோது, ஒரு புள்ளிகூட இல்லாதவர்கள் வெறும் 5 சதவீதம். ஆகவே டாக்டர் "வர்றதுதான்" என்று சொன்னது பொய் இல்லை. ஆனால் எவ்வளவு வருகிறது, எவ்வளவு வேகமாகப் படர்கிறது என்பதில் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் இருக்கிறது. திட்டாகப் படர்ந்தவர்களுக்குப் பக்கவாதமும் மறதி நோயும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த விஷயம். நம் கையில் இருக்கும் பகுதி அந்த வேகம்தான்.

சரி, முதல் தேர்வு, ரத்த அழுத்தம். இதற்கு மட்டும்தான் பெரிய அளவில், குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து, ஸ்கேனும் எடுத்துப் பார்த்த வலுவான சான்று இருக்கிறது. அமெரிக்காவில் நடந்த ஸ்பிரிண்ட் ஆய்வில் 9,361 பேர், எல்லோரும் ஐம்பது வயதும் அதற்கு மேலும், சர்க்கரை நோய் இல்லாதவர்கள். பாதிப் பேருக்கு ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை (சிஸ்டாலிக்) 120க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள், மீதிப் பாதிக்கு அது 140க்குக் கீழே இருந்தால் போதும் என்று விட்டார்கள். அதில் இரண்டு முறையும் ஸ்கேன் எடுத்த 449 பேரைச் சுமார் நான்கு வருட இடைவெளியில் ஒப்பிட்டபோது, 120 குழுவில் புள்ளிகளின் கன அளவு 0.92 கன சென்டிமீட்டர் கூடியிருந்தது, 140 குழுவில் 1.45. இரண்டிலும் கூடியது என்பதைக் கவனியுங்கள், நிற்கவில்லை, வேகம்தான் குறைந்தது. லேசான நினைவாற்றல் குறைபாடு வருவதும் 120 குழுவில் ஐந்தில் ஒரு பங்கு அளவு குறைந்தது. முழு டிமென்ஷியா, அதாவது மறதி நோய், குறைந்ததா என்பதில் எண்கள் உறுதியாக ஒரு பக்கம் சாயவில்லை. எழுபத்தைந்துக்கு மேற்பட்ட 199 பேரை வைத்து நடந்த இன்ஃபினிட்டி என்ற இன்னொரு ஆய்விலும் அழுத்தத்தைக் கூடுதலாகக் குறைத்தவர்களுக்குப் புள்ளிகள் மெதுவாகவே வளர்ந்தன. ஆனால் நடக்கிற வேகத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமாகப் படுவது பிரிட்டனில் 1946இல் ஒரே வாரத்தில் பிறந்தவர்களை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்த ஆய்வு. எழுபதை ஒட்டி அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஸ்கேன் எடுத்தபோது, புள்ளிகளின் அளவு அவர்களுடைய 53ஆவது வயது ரத்த அழுத்தத்தோடும், 43இலிருந்து 53க்குள் அது எவ்வளவு ஏறியது என்பதோடும் ஒத்துப்போனது. எழுபதில் தெரிகிற புள்ளிக்கு நாற்பதுகளிலேயே விதை விழுந்துவிடுகிறது என்று பொருள். நம் ஊரில் நாற்பத்தைந்து வயதுக்காரர் எத்தனை பேர் பிரஷர் பார்த்திருக்கிறார்கள்? பார்த்து மாத்திரை ஆரம்பித்தவர்களிலும், "நார்மலுக்கு வந்துடுச்சு, இனி எதுக்கு" என்று தாங்களாகவே நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான் என்பதை வீட்டில் யாராவது ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இதில் பக்கவிளைவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஸ்பிரிண்டில் 120 குழுவுக்குச் சராசரியாக மூன்று மருந்துகள் தேவைப்பட்டன, மற்றவர்களுக்கு இரண்டு. அழுத்தம் மிகவும் இறங்கிப்போவது, மயக்கம், உப்புச் சமநிலை கெடுவது, சிறுநீரகத்தில் பாதிப்பு ஆகியவை கூடுதலாக இருந்தன. மொத்த மூளை அளவும் அந்தக் குழுவில் கொஞ்சம் அதிகமாகவே குறைந்தது. அதனால் 82 வயதுத் தாத்தாவை, எழுந்து நின்றாலே தடுமாறுகிறவரை, 120க்குக் கொண்டுவந்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது. இன்னொன்று, அந்த ஆய்வில் அழுத்தம் எடுத்த விதம் வேறு. ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, தானியங்கிக் கருவியால் பல முறை எடுத்துச் சராசரி போட்டார்கள். மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு, முழுக்கைச் சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, நர்ஸ் பேசிக்கொண்டே எடுக்கிற 138ம் அதுவும் ஒன்றல்ல.

ஆகவே இந்தத் தேர்வுக்குப் போகும் முதல் செலவு வீட்டுக்கு ஒரு நல்ல கருவி. மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேற்கையில் கட்டுவதை வாங்குங்கள், பட்டை உங்கள் கைச் சுற்றளவுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். காலையில் காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால், சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டையும் தரையில் வைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு அழுத்துங்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி. இரண்டையும் எழுதி வையுங்கள். ஒரு வாரம் இப்படி எழுதிய தாளைக் கொண்டுபோனால் டாக்டரின் முடிவே மாறக்கூடும், அங்கே ஒரே தடவை எடுக்கிற எண்ணைவிட அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம். கூடவே ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் நொறுக்கு ஆகியவற்றில் கை வைக்க வேண்டும். சாப்பாட்டில் உப்பைக் குறைத்துவிட்டு மோர்மிளகாயை இரண்டாகக் கூட்டினால் என்ன பிரயோசனம்? சிகரெட்டும் கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் இதே சிறு குழாய்களைத்தான் தாக்குகின்றன, எனவே அவற்றை இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தேர்வு உடம்பை அசைப்பது. இங்கே சான்று கொஞ்சம் மெலிதுதான், ஆனால் நம்பிக்கை தருகிறது. அமெரிக்காவில் இல்லினாயில் அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரையான 174 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள்: விறுவிறு நடை, நடையோடு ஊட்டச்சத்து, நடனம், வெறும் உடலை நீட்டி மடக்கும் பயிற்சி. ஆறு மாதம், வாரத்துக்கு மூன்று நாள், ஒரு மணி நேரம். முடிவில் எல்லாக் குழுவிலும் பல இடங்களில் வெண்பொருளின் தரம் இறங்கியிருந்தது, அந்த ஆறே மாதத்தில்! நினைவாற்றலோடு தொடர்புடைய ஃபார்னிக்ஸ் என்ற பாதையில் மட்டும் நடனக் குழுவுக்கு ஏற்றம் தெரிந்தது. 2021இல் அதே ஆய்வின் ஸ்கேன்களை வேறொரு அளவீட்டால் பார்த்தபோது நடந்தவர்களுக்கும் ஆடியவர்களுக்கும் முன்னேற்றம் தெரிந்தது, நீட்டி மடக்கியவர்களுக்கு இல்லை. நடந்தவர்களுக்கு நினைவாற்றலும் கொஞ்சம் கூடியிருந்தது.

அப்படியானால் நடையா ஆட்டமா? அங்கே ஆடியது வரிசையாக நின்று ஜோடி மாற்றி மாற்றி ஆடும் நாட்டுப்புற ஆட்டங்கள். ஒவ்வொரு வாரமும் அடவு கடினமாகிக்கொண்டே போகும், பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டும், தாளத்தை விடக் கூடாது. கும்மியும் கோலாட்டமும் எனக்கு உடனே நினைவுக்கு வருகின்றன. அவற்றை வைத்து யாரும் ஸ்கேன் எடுத்ததாகச் சொல்லவில்லை, ஆனால் கேட்கிற வேலை ஒன்றுதான்: அடியை நினைவில் வைத்து, திரும்பி, எதிரில் வருபவரின் கோலில் சரியாகத் தட்டுவது. அம்மாவுக்கு நடக்கப் பிடிக்கவில்லை, தெருவில் நாய்த் தொல்லை என்றால், குடியிருப்பில் நாலு பேரைச் சேர்த்து வாரம் மூன்று நாள் கோலாட்டம் ஆடச் சொல்வதில் எந்த நஷ்டமும் இல்லை. முழங்கால் ஒத்துழைக்காதவர் தட்டையான இடத்தில் நடக்கட்டும். பேச முடிகிறது ஆனால் பாட முடியவில்லை என்கிற வேகம் போதும். நடை ரத்த அழுத்தத்தையும் இறக்கும் என்பதால் முதல் தேர்வுக்கும் இது கை கொடுக்கிறது, இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றாலொழிய இவற்றைப் பிரிக்கவே வேண்டாம்.

மூன்றாவது, புதிதாகக் கற்றல். இதுதான் மனதுக்கு மிகவும் உற்சாகம் தரும் பகுதி, அதனாலேயே அதிகம் விற்கப்படும் பகுதியும்கூட. ஆக்ஸ்போர்டில் 24 பேருக்கு மூன்று பந்துகளைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் வித்தையை ஆறு வாரம் கற்றுக்கொடுத்து 2009இல் ஸ்கேன் பார்த்தார்கள். கையையும் கண்ணையும் ஒருங்கிணைக்கும் பகுதிக்கு அடியில் வெண்பொருள் மாறியிருந்தது. லண்டனில் வில்லியம் ரிச்சர்ட்சனின் குழு 2014இல் எலிகளிடம் இன்னும் ஆழமாகப் போனது: படிகள் ஒழுங்கற்று இருக்கும் சக்கரத்தில் ஓடக் கற்க, மையலின் உறை போடும் புது செல்கள் உருவாக வேண்டும், அதைத் தடுத்துவிட்டால் எலி சரியாகக் கற்பதில்லை. பெர்லினில் 65 முதல் 80 வயது வரையானவர்களுக்கும் இளைஞர்களுக்கும் நூறு மணி நேரம் நினைவாற்றல் பயிற்சி கொடுத்ததில், இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் பாலத்தின் முன்பகுதி இரு தரப்பிலும் மாறியது. முதியவர்கள் பன்னிரண்டு பேர்தான், சிறிய ஆய்வு. இருந்தாலும் எழுபதிலும் அந்தக் கதவு மூடிவிடவில்லை என்று தெரிகிறது.

ஆனால் எந்த வேலையைச் செய்கிறோமோ அந்த வேலைக்கான பாதைதான் மாறுகிறது. கடைமடைக் குழாய் அடைப்பதைப் பந்து வித்தை நிறுத்தாது. போனில் ஒரே விளையாட்டைத் தினமும் ஆடினால் அந்த விளையாட்டில் மதிப்பெண் ஏறும், வங்கிக் கணக்கை மறக்காமல் இருப்பதற்கு அது உதவும் என்பதற்குச் சான்று பலவீனம். மாதச் சந்தா கட்டும் ஆப்புக்குப் பதில் கீபோர்டு வகுப்போ தெலுங்கோ தையலோ கற்கலாம். கை, காது, கண், ஆள் பழக்கம் எல்லாம் சேர்ந்து வருகிறது, படிப்படியாகக் கடினமாகவும் ஆகிறது.

சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் இதுதான் முதல் தேர்வு. பியானோ கலைஞர்களை வைத்து ஸ்வீடனில் செய்த ஓர் ஆய்வில், சிறுவயதில் பயிற்சி செய்த நேரம்தான் கைவிரல்களுக்கான பாதை உள்ளிட்ட பல இடங்களின் தரத்தோடு அதிகம் ஒத்துப்போனது. உறை போடும் வேலை மும்முரமாக நடக்கும் பருவம் அது. பத்து வயதுப் பிள்ளைக்கு மிருதங்கமோ நீச்சலோ தேவைப்படுகிறது, மூளை வளர்ச்சி மாவு தேவையில்லை. பதினைந்து வயதுப் பையன் யோசிக்காமல் ஒன்றைச் செய்துவிட்டு வந்து நிற்கும்போதும், முன்மூளைக்கான இணைப்புகள் இன்னும் பத்துப் பதினைந்து வருடம் வளரப்போகின்றன என்பதை நினைத்துக்கொண்டு பேசுங்கள்.

சப்ளிமெண்ட் விஷயத்துக்கு வருகிறேன். மையலினில் பெரும்பகுதி கொழுப்பு, ஆகவே கொழுப்பு மாத்திரை சாப்பிட்டால் மையலின் வளரும் என்று விளம்பரம் தர்க்கம் பேசுகிறது. சோதித்துப் பார்த்தார்கள். 75 வயதுக்கு மேற்பட்ட, ஏற்கெனவே புள்ளிகள் இருந்த 102 பேருக்கு மூன்று வருடம் ஒமேகா 3 கொடுத்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. புள்ளிகள் வளரும் வேகத்தில் வெற்று மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட உறுதியான வித்தியாசம் இல்லை. ஒரு குறிப்பிட்ட மரபணு உள்ளவர்களுக்குக் கொஞ்சம் பலன் இருக்கலாம் என்ற அளவில் நின்றது. மத்தி மீன் குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள், ருசிக்காகவாவது. மாத்திரைக்கு மாதாமாதம் பணம் கட்டத் தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பி12 மட்டும் விதிவிலக்கு, அதை ரொம்ப அழுத்திச் சொல்வேன். பி12 குறைந்தால் மையலின் நேரடியாகவே கெடுகிறது, முக்கியமாகத் தண்டுவடத்தில், மூளையிலும்தான். கால் மரத்துப்போவது, இருட்டில் தள்ளாடுவது, மறதி என்று வரும். முட்டைகூடச் சேர்க்காத சைவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கும், வயிற்றுப் புண்ணுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்தாமல் போடுபவர்களுக்கும் இந்தக் குறை வரும் வாய்ப்பு அதிகம். நம் வீடுகளில் இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பது சர்வசாதாரணம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், குறை இருந்தால் ஊசியோ மாத்திரையோ மலிவாகவே கிடைக்கிறது, சீக்கிரம் பிடித்தால் பெருமளவு சரியாகும். குறை இல்லாதவர் கூடுதலாகப் போட்டுக்கொள்வதில் பயன் இல்லை. அப்புறம், கிளமாஸ்டின் என்ற பழைய அலர்ஜி மருந்து மையலினைப் புதுப்பிக்கிறது என்று படித்துவிட்டு யாரும் மருந்துக்கடைக்குப் போக வேண்டாம். வயதான எலிகளில் நல்ல முடிவு வந்தது உண்மை, ஆனால் அந்த வகை மருந்துகள் முதியவர்களுக்குக் குழப்பத்தையும் மறதியையும் உண்டாக்கக்கூடியவை.

வருடாவருட எம்ஆர்ஐ? ஃபசேக்கஸ் 1 வந்து, புதிய தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு அடுத்த ஸ்கேனில் என்ன வந்தாலும் செய்யப்போவது அதே பிரஷர் கட்டுப்பாடுதான். அந்தப் பணத்தில் கருவியும் பி12 பரிசோதனையும் கோலாட்டக் கோலும் வாங்கி மிச்சமும் இருக்கும்.

இந்த வரிசை பொருந்தாதவர்களும் இருக்கிறார்கள். இருபதுகளிலும் முப்பதுகளிலும் உள்ளவருக்கு, குறிப்பாகப் பெண்ணுக்கு, ஒரு கண் பார்வை மங்கியதோ கை கால் சில நாள் மரத்துப்போனதோ வந்து ஸ்கேனில் புள்ளிகள் தெரிந்தால் அதை வயது மாற்றம் என்று விட முடியாது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மையலினைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்ற நோய் இருக்கிறதா என்று நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும். ஃபசேக்கஸ் 3 வந்து, கூடவே நடை குறுகி, சிறுநீரை அடக்க முடியாமல், யோசனை மந்தமாகியும் இருந்தால் அவருக்கும் தனி மருத்துவரும் தனித் திட்டமும் வேண்டும். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு திடீரென்று குழறினாலோ எந்த ஒப்பீட்டையும் படித்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிட்டு, சிடி ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கு நாலரை மணி நேரத்துக்குள், முடிந்தால் அதற்கும் முன்னதாகவே, கொண்டுசேருங்கள்.